எந்த ஜவ்வு கிழிந்தது என்று முதலில் கேளுங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கி ஒருமுறை எழுதிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் வசதியாக இருக்கும். தம்பிக்கு 21 வயது. ஊர்த் திருவிழா கபடியில் ரெய்டு போய்த் திரும்பும்போது, ஊன்றிய கால் மண்ணில் அப்படியே நிற்க உடம்பு மட்டும் சுழன்று, முட்டிக்குள் "டப்" என்று ஒரு சத்தம். விழுந்தவரால் எழ முடியவில்லை, வீட்டுக்குத் தூக்கி வருவதற்குள் முட்டி பந்துபோல வீங்கிவிட்டது. பக்கத்து ஊர் வைத்தியர் எண்ணெய் போட்டு உருவி, 15 நாள் இறுக்கிக் கட்டுப் போட்டார். இப்போது 7 வாரம் ஆகிறது. நடக்கிறார், வண்டி ஓட்டுகிறார், ஆனால் மாடிப்படி இறங்கும்போதும் சட்டென்று திரும்பும்போதும் முட்டி நழுவுகிறது. மறுபடி கபடி ஆட ஆசைப்படுகிறார். ஸ்கேனில் ஏசிஎல் (முட்டியின் நடுவில் இருக்கிற ஒரு தசைநார்) முழுதாகக் கிழிந்திருக்கிறது, உள்பக்க மெனிஸ்கஸில் (எலும்புகளுக்கு இடையில் இருக்கிற மெத்தை) "கிரேடு 2 சிக்னல்" என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு டாக்டர் உடனே ஆபரேஷன் என்கிறார், இன்னொருவர் பயிற்சி செய்து பார்க்கலாம் என்கிறார், மாமா கத்தியே வைக்க வேண்டாம் என்கிறார். கூடவே 52 வயது அம்மாவுக்கும் பல மாதமாக முட்டி வலி, அவருக்கும் "ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா?

ஒன்று இல்லை. நான் பிசியோதெரபிஸ்ட், 18 வருடமாக முட்டிகளோடுதான் அதிக நேரம் போகிறது. என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் "ஜவ்வு கிழிஞ்சிருச்சுன்னு சொன்னாங்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வி, எந்த ஜவ்வு? ஏனென்றால் நம் ஊரில் அந்த ஒரு சொல்லை வைத்து முட்டிக்குள் இருக்கிற குறைந்தது ஆறு வேறு வேறு பொருள்களைச் சொல்கிறோம், அந்த ஆறுக்கும் வைத்தியம் ஆறு விதம்.

தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கிற இடம் ஒன்றும் ஆழமான குழி கிடையாது, ஒரு தட்டையான மேடையின் மேல் இரண்டு உருண்டைகள் உட்கார்ந்திருப்பது மாதிரிதான். அதைப் பிடித்து வைத்திருப்பவை நான்கு தசைநார்கள். உள்பக்கம் எம்சிஎல், வெளிப்பக்கம் எல்சிஎல், நடுவில் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கிற ஏசிஎல்லும் பிசிஎல்லும். ஏசிஎல்லின் நீளம் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர்தான், நம் சுண்டுவிரல் அகலம்கூட இருக்காது. கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும் திருகிக்கொள்ளாமலும் பிடிப்பது அதன் வேலை. இவை கயிறுகள். அப்புறம் இரண்டு எலும்புக்கும் இடையில் பிறை வடிவத்தில் இரண்டு மெத்தைகள், அவைதான் மெனிஸ்கஸ். கயிறு அறுவது வேறு, மெத்தை கிழிவது வேறு. 21 வயதில் ஒரு நொடியில் மெத்தை கிழிவதும், 52 வயதில் அது நைந்து போவதும்கூட வேறு வேறு.

சரி, தம்பி விஷயத்துக்கு வருகிறேன். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்க்காமலே, நீங்கள் எழுதிய அந்த மூன்று வரியிலிருந்தே இது ஏசிஎல் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். யாரும் அவரை இடிக்கவில்லை, கால் ஊன்றி உடம்பு சுழன்றது. சத்தம் கேட்டது. எழுந்து ஆட்டத்தைத் தொடர முடியவில்லை. எல்லாவற்றையும்விட முக்கியம், ஒன்று இரண்டு மணி நேரத்துக்குள் வீங்கிவிட்டது. இந்த நேரக் கணக்கை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடிபட்ட இரண்டு மணி நேரத்துக்குள் முட்டி முழுக்க வீங்கினால் உள்ளே இருப்பது ரத்தம். விளையாட்டில் அடிபட்டு அப்படி ரத்தம் கட்டிய முட்டிகளில் பெரும்பாலானவற்றில் ஏசிஎல் அறுந்திருக்கும், மிச்சத்தில் எலும்பு விரிசலோ முட்டிச் சிப்பி இடம் பெயர்ந்ததோ மெனிஸ்கஸின் வெளியோரம் கிழிந்ததோ இருக்கும். ராத்திரி தூங்கி எழுந்த பிறகு, மறுநாள் மெதுவாக வீங்கினால் அது பெரும்பாலும் மெனிஸ்கஸ், அல்லது லேசான சுளுக்கு.

மற்ற காயங்களுக்கும் அதனதன் கதை உண்டு. பைக்கிலிருந்து விழுந்து மடங்கிய முட்டியின் கீழ்ப்பகுதி ரோட்டில் மோதினால் கீழ்க்கால் எலும்பு பின்னால் தள்ளப்பட்டு பிசிஎல் போகும், நம் ஊரில் இரு சக்கர வண்டி இருக்கிற வரை இதற்குக் குறைவிருக்காது. ஃபுட்பாலில் வெளிப்பக்கத்திலிருந்து ஒருவர் வந்து முட்டியில் மோதினால் உள்பக்க எம்சிஎல் இழுபடும். அதில் முட்டி முழுக்க வீங்காது, உள்பக்கம் ஓரிடத்தில் மட்டும் தொட முடியாத வலி இருக்கும். குந்தி உட்கார்ந்தபடி திரும்பி எழும்போது "சுருக்" என்று பிடித்து, அதற்குப் பிறகு கால் முழுசாக நீட்டவே வரவில்லை என்றால் கிழிந்த மெனிஸ்கஸ் மடிந்து இரண்டு எலும்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. பதின்ம வயதுப் பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள், "முட்டி வெளிப்பக்கம் போய்த் தானா உள்ளே வந்துச்சு" என்று சொன்னால் அது முட்டிச் சிப்பி நழுவியது. நாம் போய்ப் பார்க்கும்போது சிப்பி தன் இடத்தில்தான் இருக்கும், அதனால் பல வீடுகளில் அந்தப் பிள்ளை சொல்வதை நம்பமாட்டார்கள். நம்புங்கள். சிப்பியை வெளிப்பக்கமாக லேசாகத் தள்ளிப் பார்த்தாலே பயந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள், அதுவே சாட்சி.

கதைக்கு அடுத்தது கை. முட்டி வலி என்று போய், டாக்டரோ பிசியோவோ இரண்டு முட்டியையும் துணி விலக்கி, தொட்டு, அசைத்துப் பார்க்காமல் நேராக ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தால் "கொஞ்சம் கை வச்சுப் பாத்துச் சொல்லுங்க" என்று மரியாதையாகக் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. நல்ல முட்டியைத்தான் முதலில் பரிசோதிக்க வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே மூட்டு நெகிழ்வாக இருக்கும், அவருடைய நல்ல காலோடு ஒப்பிடாமல் அடிபட்ட கால் நழுவுகிறதா இல்லையா என்று சொல்ல முடியாது.

ஏசிஎல்லுக்கு நாங்கள் நம்புகிற பரிசோதனை லாக்மன். படுக்க வைத்து, முட்டியை 20, 30 டிகிரி மட்டும் மடக்கி, ஒரு கையால் தொடையை அசையாமல் பிடித்துக்கொண்டு மறு கையால் கீழ்க்காலை முன்னால் இழுப்போம். நார் நன்றாக இருந்தால் கட்டிய மாட்டுக் கயிறு விறைத்து நிற்பதுபோல் ஓரிடத்தில் "டக்" என்று நிற்கும். அறுந்திருந்தால் அந்த நிறுத்தம் இருக்காது, குழைவாகப் போய்க்கொண்டே இருக்கும். எவ்வளவு தூரம் வருகிறது என்பதைவிட எப்படி நிற்கிறது என்பதைத்தான் கை கவனிக்கும். 90 டிகிரி மடக்கிக் காலின் மேல் உட்கார்ந்து இழுத்துப் பார்க்கிற பழைய முறையும் இருக்கிறது. ஆனால் புதுக் காயத்தில் பின்தொடைத் தசை இறுகிப் பிடித்துக்கொண்டு ஏமாற்றிவிடும், அதை மட்டும் வைத்து "ஒன்னுமில்லை" என்று சொல்லக்கூடாது. அடிபட்ட முதல் இரண்டு மூன்று நாள் வலியில் எந்தப் பரிசோதனையும் சரியாக வராமல் போகலாம், ஒரு வாரம் பத்து நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். முதல் நாள் பார்த்து "சாதாரணச் சுளுக்கு" என்று அனுப்பப்பட்டு, யாரும் திரும்பப் பார்க்காமல் விட்டதால் இரண்டு வருடம் நழுவிக்கொண்டே இருந்து, மெனிஸ்கஸும் போன பிறகு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக. பிசிஎல் அறுந்த முட்டியில் கீழ்க்கால் எலும்பு ஏற்கெனவே பின்னால் தொய்ந்து கிடக்கும். அதை முன்னால் இழுத்தால் தன் சரியான இடத்துக்குத்தான் வருகிறது, ஆனால் கைக்கு அது முன்னால் நழுவுவதாகத் தெரியும், ஏசிஎல் என்று எழுதிவிடுவோம். அதனால் இழுப்பதற்கு முன்னால் இரண்டு முட்டியையும் 90 டிகிரி மடக்கி வைத்துப் பக்கவாட்டிலிருந்து ஒரு நிமிடம் சும்மா பாருங்கள். ஒரு பக்கம் முட்டிக்குக் கீழே இருக்கிற எலும்பு, மற்றக் காலைவிடப் பின்னால் உள்வாங்கித் தெரிந்தால் அது பிசிஎல்.

பக்கவாட்டு நார்களை முட்டியை 30 டிகிரி மடக்கி ஒருமுறை, நேராக நீட்டி ஒருமுறை, இரண்டு விதமாகவும் அகட்டிப் பார்ப்போம். மடக்கும்போது மட்டும் உள்பக்கம் திறந்தால் எம்சிஎல் தனியாகப் போயிருக்கிறது, பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமல் முட்டியைத் தாங்கிப் பிடிக்கிற பிரேஸும் பயிற்சியும் போதும். நீட்டிய நிலையிலும் திறந்தால் கூடவே வேறு நார்களும் போயிருக்கின்றன, அது பெரிய காயம். மெனிஸ்கஸுக்கு எலும்பு இடைவெளிக் கோட்டில் விரல் வைத்து அழுத்தி, மடக்கித் திருகிப் பார்ப்பதுண்டு. தனித்தனியாக அந்தச் சோதனைகள் எதுவும் அவ்வளவு உறுதியானவை இல்லை, கதையோடு சேர்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இவற்றை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். வீட்டில் பார்க்கக்கூடியவை மூன்று. படுத்துக்கொண்டு முட்டியை மடக்காமல் காலை நேராகத் தூக்க முடிகிறதா? முடியவே இல்லையென்றால் முட்டிச் சிப்பி உடைந்தோ, அதற்கு மேலேயோ கீழேயோ இருக்கிற பெரிய நார் அறுந்தோ இருக்கலாம், அது அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டியது. வாரக்கணக்கில் தள்ளினால் நார் சுருங்கித் தைப்பதே கஷ்டமாகிவிடும். இரண்டாவது, காலை முழுசாக நீட்ட வருகிறதா. குப்புறப் படுத்து இரண்டு கால்களையும் முட்டிக்குக் கீழே கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, இரண்டு குதிகாலும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று பின்னாலிருந்து ஒருவர் பார்த்தால் தெரிந்துவிடும், ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் ஏறக்குறைய ஒரு டிகிரி நீட்டம் குறைகிறது. மூன்றாவது வீக்கம். முட்டியின் உள்பக்கத்தைக் கீழிருந்து மேலாக உள்ளங்கையால் இரண்டு மூன்று முறை தடவிவிட்டு, உடனே வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை தடவுங்கள், உள்பக்கம் சின்ன அலைபோல நீர் திரும்பி வந்தால் உள்ளே இன்னும் நீர் இருக்கிறது.

தள்ளிப் போடவே கூடாத நிலைமைகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விபத்தில் முட்டி உருக்குலைந்து, பாதம் குளிர்ந்து வெளுத்திருந்தால், அல்லது பாதத்தை மேலே தூக்க முடியாமல் மரத்துப் போயிருந்தால், முட்டிக்குப் பின்னால் ஓடுகிற பெரிய ரத்தக்குழாயோ நரம்போ அடிபட்டிருக்கலாம். ரத்தக்குழாய் என்றால் 6 மணி நேரத்துக்குள் சரி செய்யாவிட்டால் காலையே இழக்க நேரலாம். முட்டி தானாக உள்ளே போய் இடத்தில் உட்கார்ந்துவிட்டாலும் இந்த ஆபத்து போகாது. கட்டு, உருவல், அடுத்த நாள் பார்க்கலாம் என்கிற பேச்சு எதுவும் வேண்டாம், நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு. அதேபோல் அடிபட்ட முட்டி சில நாள் கழித்து நெருப்பாகச் சுட்டு, காய்ச்சலும் வந்தால் உள்ளே சீழ் பிடித்திருக்கலாம். கெண்டைக்கால் வீங்கி இறுகி வலித்தால் ரத்த உறைவா என்று பார்க்க வேண்டும். இவையும் அன்றைக்கே.

எக்ஸ்ரே யாருக்கு வேண்டும் என்பதற்கு கனடாவில் 1995இல் வந்த ஒட்டாவா விதி இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. முட்டியில் அடிபட்டு, 55 வயதோ அதற்கு மேலோ ஆகியிருந்தால், அல்லது முட்டிச் சிப்பியில் மட்டும் அழுத்தினால் வலித்தால், அல்லது வெளிப்பக்கம் கீழே இருக்கிற சின்ன எலும்பு முண்டில் வலித்தால், அல்லது 90 டிகிரி மடக்க முடியாவிட்டால், அல்லது அடிபட்டவுடனும் ஆஸ்பத்திரியிலும் நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இதில் ஒன்றுமே இல்லையென்றால் எலும்பு முறிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. எக்ஸ்ரேயில் ஏசிஎல் தெரியாது, "எக்ஸ்ரே நார்மல்" என்றால் எலும்பு நார்மல் என்று மட்டும்தான் அர்த்தம்.

எம்ஆர்ஐ ஸ்கேன் நல்ல கருவிதான், ஆனால் ரிப்போர்ட்டில் இருக்கிற எல்லா வரிக்கும் பயப்பட வேண்டியதில்லை. தம்பியின் "கிரேடு 2 சிக்னல்" இருக்கிறதே, அது கிழிசல் இல்லை. மெனிஸ்கஸுக்குள் நிறம் மாறித் தெரிகிறது, மேற்பரப்புக்கு வந்து சேரவில்லை என்றுதான் பொருள். மேற்பரப்பு வரை வந்தால்தான் கிரேடு 3, அதுதான் கிழிசல். அதாவது தம்பியின் மெத்தை இன்னும் முழுசாக இருக்கிறது. இந்தப் பதிலிலேயே உங்களுக்கு நல்ல செய்தி இதுதான், இனி செய்கிற எல்லாமே அதைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

முதல் நாட்களில் நடந்ததைப் பற்றி. வைத்தியர் மேல் கோபப்பட்டு இப்போது பயனில்லை, ஊரில் அவசரத்துக்குக் கிடைத்தது அவர்தான். ஆனால் அடுத்த முறை யாருக்காவது நடந்தால், ரத்தம் கட்டியிருக்கிற முட்டியை முதல் மூன்று நாளைக்கு உருவவும் கூடாது, சூடு ஒத்தடமும் கூடாது, ரத்தக்கசிவு அதிகமாகும். துணி சுற்றிய ஐஸ் 10, 15 நிமிடம், காலை நெஞ்சு உயரத்துக்கு மேல் தூக்கி வைப்பது, மிதமான இறுக்கத்தில் கிரேப் பேண்டேஜ், தேவைப்பட்டால் ஊன்றுகோல், அவ்வளவுதான். பிறகு வலி விடுகிற அளவுக்குச் சீக்கிரமாகவே அசைக்கத் தொடங்க வேண்டும். 15 நாள் அசையாமல் கட்டி வைத்ததில் தொடைத் தசை இளைத்திருக்கும், நீட்டமும் குறைந்திருக்கும். கூடவே இன்னொன்று, பாசத்தோடு எல்லா அம்மாக்களும் செய்கிற காரியம், முட்டிக்கு அடியில் தலையணை வைப்பது. மடங்கிய நிலை சுகமாக இருக்கும், உண்மைதான், ஆனால் அப்படியே வாரக்கணக்கில் கிடந்தால் கால் நீட்ட வராமல் போய்விடும். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட கேள்வி, ஆபரேஷனா பயிற்சியா. இரண்டு டாக்டர்களும் தப்பாகச் சொல்லவில்லை, அவரவர் மனதில் வேறு வேறு நோயாளி இருக்கிறார். சுவீடனில் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில் ஏசிஎல் அறுந்த, சுறுசுறுப்பான 121 இளைஞர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்குப் பயிற்சியும் சீக்கிர ஆபரேஷனும். மற்றப் பகுதிக்கு முதலில் பயிற்சி மட்டும், நழுவிக்கொண்டே இருந்தால் பிறகு ஆபரேஷன். இரண்டு வருடம் கழித்து வலியிலும் செயல்பாட்டிலும் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பயிற்சிக் குழுவில் இருந்த 59 பேரில் ஐந்து வருடத்துக்குள் 30 பேர் ஆபரேஷன் செய்துகொண்டார்கள், மிச்சப் பாதிக்குத் தேவையே படவில்லை. பயிற்சி செய்து பார்க்கலாம் என்ற டாக்டர் இதை நினைத்துச் சொல்லியிருப்பார். ஆனால் அந்த ஆய்வில் தொழில்முறை விளையாட்டு வீரர்களைச் சேர்க்கவில்லை. பிரிட்டனில் 2022இல் வந்த இன்னோர் ஆய்வு உங்கள் தம்பிக்கு நெருக்கமானது. அதில் எடுத்துக்கொண்டது அடிபட்டுச் சில காலம் ஆகியும் முட்டி நழுவுவது நிற்காத 316 பேரை. அவர்களில் ஆபரேஷன் குழு 18 மாதத்தில் தெளிவாகவே நன்றாக இருந்தது.

ஆக முடிவு ஸ்கேன் படத்தில் இல்லை. அவர் முட்டி அன்றாடம் என்ன செய்கிறது, அவர் இனி அதை வைத்து என்ன செய்யப் போகிறார் என்பதில்தான் இருக்கிறது. ஏசிஎல் இல்லாமலே ஓடுகிறவர்கள், சைக்கிள் ஓட்டுகிறவர்கள், வயல் வேலை பார்க்கிறவர்கள் நிறைய உண்டு. கபடி அப்படி இல்லை. ஓடுகிற வேகத்தில் நிற்பது, காலை ஊன்றித் திரும்புவது, கணுக்காலை ஒருவர் பிடித்து இழுக்கும்போது உடம்பைத் திருகி நழுவுவது, எல்லாமே ஏசிஎல்லின் வேலை. ஒவ்வொரு முறை முட்டி நழுவும்போதும் அந்த இரண்டு மெத்தைகளும் எலும்புக்கிடையில் நசுங்குகின்றன. நார் போனால் புது நார் வைக்கலாம், நசுங்கிப் போன மெனிஸ்கஸுக்கு ஈடாக வைப்பதற்கு நம்மிடம் நல்ல பொருள் இல்லை, 35, 40 வயதிலேயே தேய்மானம் வருவது அதனால்தான். மாடிப்படியில் நழுவுகிறது என்கிறீர்கள், மறுபடி கபடி ஆட ஆசை என்கிறீர்கள், அப்படியானால் என் கருத்து ஆபரேஷன்தான்.

ஆனால் இந்த வாரம் வேண்டாம். வீங்கி, விறைத்து, முழுசாக நீட்ட வராத முட்டியில் ஆபரேஷன் செய்தால் உள்ளே தழும்பு கட்டி, நழுவுகிற முட்டிக்குப் பதில் மடங்காத முட்டி கிடைக்கும். (மெனிஸ்கஸ் மாட்டிக்கொண்டு பூட்டிய முட்டி மட்டும் இதற்கு விதிவிலக்கு, அதைக் காத்திருக்க வைக்கக் கூடாது.) தம்பிக்கு நான்கிலிருந்து ஆறு வாரம் ஒழுங்கான பயிற்சி, அதன் முடிவில் வீக்கம் வற்றி, கால் முழுசாக நீண்டு, முன்தொடைத் தசைக்கு உயிர் வந்திருக்க வேண்டும். அதுவரை கபடி, ஓட்டம், நண்பர்கள் தள்ளிவிட்டு விளையாடுவது எதுவும் கிடையாது, ஒருமுறைகூட நழுவவிடக் கூடாது. இந்தப் பயிற்சி வீணாகாது, ஆபரேஷனுக்கு முன்னால் தசை பலமாக இருந்தவர்கள் பின்னாலும் நன்றாகத் தேறுகிறார்கள். ஒருவேளை ஆறு வாரத்தில் நழுவுவது நின்று, அவரும் கபடியை விட்டுவிடலாம் என்று நினைத்தால், ஆபரேஷன் இல்லாமலே தொடரலாம். அதுவும் தோல்வி இல்லை.

என்ன பயிற்சி? கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டு வைத்து, முட்டியைக் கீழே அழுத்தி முன்தொடையை இறுக்கிப் பத்து வினாடி பிடிப்பது, பத்து முறை, ஒரு நாளைக்கு ஐந்தாறு வேளை. சிப்பி மேலே இழுபடுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அப்புறம் அதே இறுக்கத்தோடு காலை நேராகத் தூக்குவது, தூக்கும்போது முட்டி கொஞ்சமும் மடங்கக் கூடாது. குதிகாலைத் தரையில் இழுத்து மடக்குவது. இவை சுலபமானதும் சுவரில் முதுகு சாய்த்துப் பாதி உட்கார்ந்து எழுவது, சின்னப் படியில் ஏறி இறங்குவது, சைக்கிள், ஒற்றைக் காலில் நிற்பது. பின்தொடையையும் இடுப்பையும் மறக்கக் கூடாது. கீழ்க்கால் முன்னால் நழுவாமல் இழுத்துப் பிடிக்கிற வேலையில் ஏசிஎல்லுக்குத் துணை பின்தொடைத் தசைதான். பயிற்சி முடித்த அன்று ராத்திரியோ மறுநாளோ வீக்கம் கூடினால் அளவு அதிகம், குறையுங்கள். ஜிம்மில் காலால் எடையைத் தூக்கி நீட்டுகிற மெஷினைப் பிசியோ பார்த்துச் சொல்கிற வரை தொட வேண்டாம். வெறுமனே கரண்ட் வைத்து, ஒத்தடம் கொடுத்து அனுப்புகிற இடமாக இருந்தால் வேறு இடம் பாருங்கள், இதற்கு வைத்தியம் பயிற்சிதான்.

ஆபரேஷனில் அறுந்த நாரைப் பொதுவாகத் தைக்கமாட்டார்கள், பெரும்பாலும் அவருடைய பின்தொடைத் தசைநாரையோ, சிப்பிக்குக் கீழே உள்ள நாரையோ கொஞ்சம் எடுத்து, சின்னத் துளைகள் வழியாகக் கேமரா விட்டு, எலும்பில் சுரங்கம் போட்டுப் பொருத்துவார்கள். மருத்துவக் கல்லூரி அரசு மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள், செலவை நினைத்துத் தயங்க வேண்டாம், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அங்கேயே காட்டி விசாரியுங்கள். யாரிடம் செய்தாலும் "ஒரு வருடத்துக்குப் பிசியோ யார் பார்ப்பார்கள்" என்று முதலிலேயே கேளுங்கள், அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத ஆபரேஷன் பாதி ஆபரேஷன்.

இங்கேதான் நான் உங்களிடம் கெஞ்சிக் கேட்கிற இடம். வைத்த நார் உடம்போடு ஒட்டுவதற்கு முன்னால் முதல் சில மாதம் பலமிழக்கும், பிறகுதான் மெல்ல மெல்லத் தேறும். ஆனால் மூன்றாவது மாதத்தில் வலி இருக்காது, வீக்கம் இருக்காது, படியில் ஓடி ஏறுவார், "எனக்குச் சரியாயிருச்சு" என்பார். என்னிடம் வந்த ஒரு வாலிபால் பிள்ளை நாலாவது மாதம் காலேஜ் மேட்சுக்குப் போய் முதல் செட்டிலேயே வைத்த நாரை அறுத்துக்கொண்டு வந்தாள், அந்தப் பிள்ளையின் அப்பா என் முன்னால் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் இருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. நார்வேயிலும் அமெரிக்காவிலுமாக நடந்து 2016இல் வந்த ஆய்வில், ஒன்பது மாதம் வரை ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கிறது. ஆகவே ஒன்பது மாதத்துக்கு முன்னால் கபடிக் கோட்டைத் தாண்டக் கூடாது. ஒன்பது மாதம் முடிந்துவிட்டது என்பதாலேயே இறங்கவும் கூடாது. அடிபட்ட காலின் பலமும் ஒற்றைக் காலில் தாவுகிற தூரமும் நல்ல காலில் 90 சதவீதமாவது வர வேண்டும், திரும்பும்போது முட்டி உள்பக்கம் சாயக் கூடாது, மனதிலும் பயம் விலகியிருக்க வேண்டும். அடுத்த திருவிழாவை விட்டு அதற்கடுத்த திருவிழா என்று இப்போதே அவரிடம் பேசிவிடுங்கள், நடுவில் சொன்னால் கேட்கமாட்டார்.

கடைசியாக அம்மா. அடிபடாமல், மெல்ல மெல்ல வலி வந்த 52 வயது முட்டியில் ஸ்கேன் எடுத்தால் மெனிஸ்கஸ் கிழிசல் தெரிவது தலையில் நரை தெரிவதுபோலத்தான். அமெரிக்காவில் 50 வயது தாண்டிய 991 பேருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள், 2008இல் வெளியானது, கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய மாதம் முட்டியில் ஒரு வலியும் இல்லை. பின்லாந்தில் 2013இல் வந்த ஆய்வில், இப்படி நைந்து கிழிந்த 146 பேரில் ஒரு பகுதிக்குக் கிழிசலைச் சுத்தம் செய்தார்கள், இன்னொரு பகுதிக்குத் துளை மட்டும் போட்டு உள்ளே ஒன்றும் செய்யாமல் தைத்து அனுப்பினார்கள். ஒரு வருடம் கழித்து இரண்டு பகுதிக்கும் ஒரே அளவு முன்னேற்றம். அதனால் அம்மாவுக்கு அந்தக் கேமரா ஆபரேஷனுக்கு இப்போது சம்மதிக்காதீர்கள். மேலே சொன்ன முன்தொடைப் பயிற்சிகளை மூன்று மாதம் விடாமல் செய்யட்டும், வீட்டில் குந்தி உட்காரும் கழிப்பறை என்றால் மேலே வைக்கிற நாற்காலி வாங்கிப் போடுங்கள், அரிசி புடைப்பது, காய் நறுக்குவதை உட்காரும் பலகையிலிருந்து மேசைக்கு மாற்றுங்கள். எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டியின் மேல் விழுகிற சுமை ஏறக்குறைய 4 கிலோ குறைகிறது, அதுவும் பெரிய மருந்து.

ஒன்றே ஒன்று மட்டும் அவரிடம் கேளுங்கள். வலி மெல்ல வந்ததா, அல்லது ஒருநாள் படி இறங்கும்போதோ குந்தி எழும்போதோ முட்டிக்குப் பின்னால் "பட்" என்று விட்ட மாதிரி இருந்து, அன்றிலிருந்து நடக்கவே கஷ்டமாக ஆனதா? இரண்டாவது என்றால் மெனிஸ்கஸ் எலும்போடு சேர்கிற வேரே பிய்ந்திருக்கலாம், இந்த வயதுப் பெண்களுக்கு அது வருவதுண்டு, அதற்கு நான் மேலே சொன்ன கணக்கு பொருந்தாது, சீக்கிரம் ஒரு எலும்பு டாக்டரிடம் ஸ்கேனைக் காட்ட வேண்டும். அதையும், தம்பியைக் குப்புறப் படுக்க வைத்துக் குதிகால் வித்தியாசம் எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்ததையும் எழுதுங்கள், அந்த இரண்டும் தெரிந்தால் அடுத்து என்ன என்று இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும்.